அண்ணன் பிடித்த கால்

என் அக்கா புருஷன் சகாதேவனுடைய வலது கெண்டைக்காலை, செத்துப்போன அவருடைய அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா இப்படித்தான் சொல்வார். சிரிக்காமல் சொல்வார். நான் சிரிப்பேன், அதற்காக அக்கா ரேணுகாம்பாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

மாமாவுக்கு வேலை திருவண்ணாமலைக் கமிட்டியில். விவசாயிகள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையைக் கொண்டுவந்து இறக்கி விற்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் கமிட்டி என்று பேர். மாமா அங்கே எடை போடுகிறவர். வாட்டசாட்டமான ஆள். மூட்டையை முழங்காலால் ஒரு தள்ளு தள்ளித் தராசில் ஏற்றிவிடுவார். வாயில் பீடி இல்லாமல் அவரைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் தூங்கும்போதுதான் பார்க்க வேண்டும். குடியிருந்தது பேகோபுரத் தெரு. கோயிலின் மேற்குக் கோபுரத்துக்குத்தான் அந்தப் பேர், தெருவில் பேயும் இல்லை ஒன்றும் இல்லை என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. மாமாவுக்குக் கால் பிடிக்க ஆரம்பித்ததும் அதையும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

அண்ணன் பேர் தருமன். கீழ்பென்னாத்தூரில் கொஞ்சம் நிலம், ஓட்டு வீடு, பெண்சாதி பச்சையம்மாள். பிள்ளை இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் ஏறி வந்து தம்பியோடு மலை சுற்றுவார். அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர்தான் சுற்றுவார்கள். ரோட்டில் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசிப் பௌர்ணமி. வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். செங்கம் ரோட்டில் அக்கினி லிங்கத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் தருமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாமா எங்களிடம் சொன்னது இது: அண்ணனுக்கு நா வறண்டது என்று அவர் சோடா வாங்க ஓடினார். திரும்பி வந்தபோது அண்ணன் தரையில் சாய்ந்து கிடந்தார். பக்கத்தில் போய் நின்றதும் கையை நீட்டி இவருடைய வலது கெண்டைக்காலை இறுகப் பிடித்தார். பிடித்தபடியே உயிர் போய்விட்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் காலை எடுக்க முடிந்ததாம். நாங்கள் எல்லோரும் நம்பினோம். அண்ணன் தம்பி என்றால் அவர்கள் மாதிரி இருக்க வேண்டும் என்று ஊரே பேசும், அப்புறம் ஏன் சந்தேகப்படப் போகிறோம்?

அவர்கள் குடும்பத்தில் ஆண்கள் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அப்பா, சித்தப்பா, இப்போது அண்ணன், எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். எந்தக் காலத்திலோ யாரோ விட்ட சாபம் என்று சொல்வார்கள். இன்னொரு விஷயமும் அந்த வீட்டில் உண்டு. ஆண்களுக்குக் கண் இமையின் ஓரத்தில், மூக்குப் பக்கமாக, மஞ்சள் நிறத்தில் தடிப்பு இருக்கும். மஞ்சள் பூசின மாதிரி இருப்பதால் அது லட்சுமி வைத்த பொட்டு என்று பெருமையாகக் காட்டுவார்கள். அந்தப் பொட்டையும் சாபத்தையும் யாரும் சேர்த்து யோசித்தது கிடையாது.

அண்ணன் போய் நாலைந்து வருஷம் கழித்து மாமாவுக்கு அது தொடங்கியது. பௌர்ணமிக்கு நடந்து போவார். சரியாக அந்தப் புளியமரம் வந்ததும் வலது கெண்டைக்காலை யாரோ கையால் பிடித்து முறுக்குகிற மாதிரி இருக்கும். அடி எடுத்து வைக்க முடியாது. மரத்தடிக் கல்லில் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் பிடி தானாக விட்டுப்போகும். எழுந்து நடப்பார். முதல் தடவை பயந்தார். அப்புறம் பழகிப்போனது. அதற்கும் அப்புறம், சொன்னால் வெட்கக்கேடு, அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். கல்லில் உட்கார்ந்து இரண்டு பீடி பற்றவைப்பார். ஒன்று தனக்கு. இன்னொன்றைக் கல்லின் மேல் அண்ணனுக்கு வைப்பார். செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே, இவர் மாதா மாதம் படைத்தார். வலி இருக்கிற வரைக்கும் வாய்க்குள் ஏதோ பேசுவார். வலி நின்றதும் "விட்டுட்டாரு, வா போவலாம்" என்று எழுந்துகொள்வார். கூடப் போகிற எனக்குப் பயமாக இருக்கும். கோபமும் வரும்.

எனக்கு மூளை இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒருநாள் அவரை வடக்குப் பக்கம் ஈசானிய லிங்கத்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். புளியமரம் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, இங்கே எப்படிப் பிடிக்கிறார் பார்ப்போம் என்று. ஏறக்குறைய அதே தூரம் நடந்ததும் மாமா நின்றுவிட்டார். வழியில் இருந்த ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மாமா? இடத்துல ஒண்ணுமில்ல. உங்க கால்லதான் கோளாறு."

"ஏண்டா மாப்ள, எங்க அண்ணன் மாசா மாசம் சுத்தின மலை. அவருக்கு இந்த வழி தெரியாதா?"

 பிடி விட்டதும் அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

எண்பத்தொன்றில் அக்காதான் பிடிவாதமாக அவரை டாக்டர் சுப்பிரமணியிடம் இழுத்துப் போனாள். மாமாவுக்கு நாற்பத்து நாலு நடந்துகொண்டிருந்தது. அக்கா ராத்திரி அவர் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். டாக்டர் பாதத்தைத் தொட்டு நாடி தேடினார். வலது பாதத்தில் சரியாகக் கிடைக்கவில்லை. குதிகாலுக்கு மேலே நரம்பைத் தடவிப் பார்த்தார், அங்கேயும் முடிச்சு மாதிரி ஒரு தடிப்பு. கடைசியில் கண் இமையில் இருந்த லட்சுமிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவுக்கும் இது இருந்துதா?" என்று கேட்டார். ரத்தத்தை வேலூருக்கு அனுப்பிப் பார்த்தபோது கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தது. "கொழுப்பு ஜாஸ்தின்னு நான் கல்யாணத்தன்னைக்கே சொன்னேன்" என்றேன். அக்கா முறைத்தாள். டாக்டர் மட்டும் சிரித்தார்.

அவர் பொறுமையாக விளங்க வைத்தார். பரம்பரையாகவே இந்தக் குடும்பத்து ரத்தத்தில் கொழுப்பு தேங்குகிறது. அது ரத்தக் குழாயின் சுவரில் படிந்து வழியைக் குறுக்குகிறது. நெஞ்சில் அடைத்தால் ஆள் போய்விடுவார். காலில் குறுகினால், நடக்கும்போது சதைக்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேராது, சதை முறுக்கிக்கொள்ளும். உட்கார்ந்தால் தேவை குறையும், வலி நிற்கும். பீடி அந்தக் குழாயை இன்னும் கெடுக்கும். ஒரு மாத்திரை எழுதினார். நிகோடினிக் அமிலம் என்று பேர், வைட்டமின் பி வகையில் ஒன்று. துளி அளவு சாப்பிட்டால் சத்து, நிறையச் சாப்பிட்டால் மருந்து. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்குவதை அது மட்டுப்படுத்தும், கல்லீரலும் கொழுப்பைக் குறைவாகச் செய்து அனுப்பும்.

"தோலுக்கு அடியில இருக்கிற சின்னக் குழாயெல்லாம் விரிஞ்சுக்கும். மூஞ்சி செவந்து எரியும், அரிக்கும். பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல அடங்கிடும். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும். ஆனா கால் வலி இதனால போவும்னு நான் உறுதியா சொல்ல மாட்டேன். பீடியை விட்டுட்டு தினம் நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் நடங்க. அடைச்ச குழாயைச் சுத்திக்கிட்டு ரத்தம் வேற வழி பண்ணிக்கும்."

மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் பீடிக்கட்டை எடுத்தார்.

நாங்கள் செய்த தப்பு எங்களூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. அடுத்த வாரம் பௌர்ணமி. அண்ணன் போனதிலிருந்து பௌர்ணமியன்று மாமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட வாயில் படாமல் விரதம் இருந்துதான் மலை சுற்றுவார். மாத்திரையை விடக்கூடாது என்று அக்கா புறப்படுகிற நேரத்தில் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம் என்பதை யாரும் நினைக்கவில்லை. மாத்திரை என்ன சாப்பாடா, விரதம் கெட்டுப்போக? அன்றைக்கு அக்காவும் கூட வந்தாள்.

அக்கினி லிங்கத்துக்கிட்டே வந்தபோது மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். காது முதலில் சிவந்தது. பிறகு கழுத்து, மார்பு. சாயங்கால வெளிச்சத்தில் முகம் குங்குமமாக இருந்தது. "எரியுதுடா, எரியுது" என்று சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். புளியமரத்தடியில் போய்க் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சந்நிதியில் பூ விற்கிற ராணியம்மாள் ஓடி வந்தாள், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். இந்த ஊரில் மலையே நெருப்பு. அக்கினி லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் பட்டினியாக, உடம்பெல்லாம் சிவந்து, எரியுது என்று புரண்டால் யாராவது டாக்டரைக் கூப்பிடுவார்களா? ராணியம்மாள் கற்பூரம் ஏற்றினாள். தண்ணீர் தெளித்தாள். முறைப்படி கேட்டாள்.

"யாரு வந்திருக்கிறது? சொல்லு, யாரு?"

மாமா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "தருமன்."

அது மாமாவின் குரல் இல்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். நான் எதையும் சுலபத்தில் நம்பாதவன். ஆனால் அந்தக் கரகரப்பு தருமனுடையது. 

"என்ன வேணும் உனக்கு? எதுக்கு இவனைப் புடிக்கிற?"

"நெஞ்சு அடைக்குது, நில்லுடான்னேன். நிக்கல. பீடி புடிக்க சாக்கு சொல்றேன்னு திட்டிட்டுப் போயிட்டான். திரும்பிக்கூட பாக்கல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சோடா வாங்க ஓடியதாக ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோமே, அது என்ன ஆயிற்று? சிவப்பு வந்த மாதிரியே வடிந்தது. மாமா எழுந்து உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா ராணியம்மாளின் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சினாள்.

டாக்டர் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "வெறும் வயித்துலயா போட்டீங்க?" என்றார். வெறும் வயிற்றில் போட்டால் எரிச்சல் பல மடங்கு வரும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், இதில் சாமியும் இல்லை பூதமும் இல்லை என்றார். நியாயம்தான். ஆனால் எரிச்சல் மாத்திரையால் வந்தது, பேச்சு எதனால் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் மாமா டாக்டர் சொன்னதைவிட அதிகமாகவே மாத்திரை போட ஆரம்பித்தார், அதுவும் வெறும் வயிற்றில். எங்களுக்கு இது தெரியாது. கமிட்டியில் தராசுக்குப் பக்கத்தில் மூஞ்சி சிவந்து விழுந்து கிடக்கிறார் என்று ஆள் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்கவைத்தோம்.

"உங்களுக்குக் கிறுக்கா மாமா? கல்லீரல் கெட்டுப்பூடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு இல்ல?"

"அந்த எரிச்சல் வரும்போதுதாண்டா அண்ணன் வராரு. மன்னிச்சிட்டியான்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டாச்சுன்னா மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. என் அக்கா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள், இவர் செத்தவரோடு பேசுவதற்கு உயிரைப் பணயம் வைக்கிறார்.

மாத்திரைப் புட்டியை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சோறு போட்டு, சாப்பிட்டதைப் பார்த்து, டாக்டர் சொன்ன அளவை மட்டும் கையில் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். பீடியும் நின்றது. புளியமரத்துக் கல்லில் வைக்கிற பீடிக்கு மட்டும் தகராறு. பற்றவைக்க வேண்டும் என்றால் ஓர் இழுப்பு இழுத்துத்தானே ஆக வேண்டும் என்றார் மாமா. அதையும் என் தலையில் கட்டினாள் அக்கா. ஜென்மத்தில் பீடி தொடாத நான், செத்துப்போன ஒருவருக்காகச் செங்கம் ரோட்டில் நின்று பற்றவைத்து இருமினேன். ரமணாசிரமத்துக்குப் போகிற வெள்ளைக்காரர் ஒருவர் நின்று என் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமா தினமும் நடந்தார். கால் பிடித்தால் நின்றார், விட்டதும் நடந்தார். மாதங்கள் போயின. முதலில் எரிச்சல் போனது. உடம்பு மாத்திரைக்குப் பழகிக்கொண்டால் சிவப்பு குறைந்துவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பிறகு காலின் பிடியும் தள்ளிப் போனது. புளியமரத்தைத் தாண்டி, ரமணாசிரமத்து வாசலைத் தாண்டி, அதற்கும் அப்பால். வேலூரிலிருந்து வந்த ரத்தக் கணக்கைப் பார்த்து டாக்டர் எழுந்து நின்று மாமாவின் கையைக் குலுக்கினார். அக்கா அன்றைக்குப் பாயசம் வைத்தாள், நெய் இல்லாத பாயசம்.

மாமாவின் முகம் மட்டும் எழவு வீட்டு முகமாக இருந்தது. அடுத்த பௌர்ணமிக்குப் புளியமரத்தடியில் நின்றார். கால் வலிக்கவில்லை. ஆனாலும் கல்லில் உட்கார்ந்து வேட்டியைத் தூக்கி வலது காலை நீட்டி வைத்தார். யாராவது பிடித்துக்கொள்ளட்டும் என்பது போல வெகு நேரம் நீட்டியே வைத்திருந்தார்.

"துரத்திட்டீங்கடா," என்றார். "நீ, உங்க அக்கா, அந்த டாக்டர், மூணு பேருமா சேந்து எங்க அண்ணனைத் துரத்திட்டீங்க. அவரு ஒரு பதிலும் சொல்லல. இனிமே நான் யாருகிட்ட கேப்பேன்?"

பச்சைக் குழந்தை மாதிரி தேம்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவரைக் கிண்டல் செய்யத் தெரியும், திட்டத் தெரியும், தேற்றத் தெரியாது. அதனால் தோன்றியதைச் சொன்னேன்.

"மாமா, செத்தவருகிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கீங்களே. கீழ்பென்னாத்தூர்ல பச்சையம்மா இருக்காங்க. அவங்ககிட்ட சோடா வாங்கப் போனேன்னுதானே சொல்லி வெச்சிருக்கீங்க? அவங்களுக்கு உண்மையைச் சொல்லுங்க. பதில் சொல்றதுக்கு அவங்களுக்கு வாய் இருக்குதே."

மாமா என்னைப் பார்த்த பார்வையில், பேயைவிட அந்தப் பெயருக்குத்தான் அவர் பயந்தார் என்று தெரிந்தது.

இருந்தாலும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பச்சையம்மாள் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா தம்பி. வாப்பா கோதண்டம். கால் நல்லாயிடுச்சாமே, ரேணு சொல்லி அனுப்புச்சு" என்று கோரைப்பாய் விரித்தாள். மாமா உட்காரவில்லை. நின்றுகொண்டே, தலையைக் குனிந்துகொண்டு, தன் சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் நில்லுடா என்றது, இவர் திட்டியது, முன்னால் போனது.

பச்சையம்மாள் உரிப்பதை நிறுத்தவில்லை. 

"அப்ப சோடா?"

"இல்ல அண்ணி. ஆசிரமத்துக்கு எதிர்ல உக்காந்து டீ குடிச்சேன். வரட்டும்னு உக்காந்திருந்தேன். வரலன்னதும்தான் திரும்பிப் போனேன்."

"நீ வர்றவரைக்கும் அவரு தனியாவா கெடந்தாரு?"

மாமா தன் வலது காலைப் பார்த்துக்கொண்டே, "காலைப் புடிச்சாருன்னதும் பொய்தான் அண்ணி" என்றார். பச்சையம்மாளின் கை நின்றது. இத்தனை வருஷமாக, தம்பி பக்கத்தில் இருந்தான், தம்பி காலைப் பிடித்துக்கொண்டுதான் போனார் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். எங்களிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு ஆறுதலை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாகக் காலம் தள்ளினவள் அவள். போய்ச் சொல்லச் சொன்ன நான் அதை யோசிக்கவே இல்லை.

அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். போய்விடலாமா என்று மாமா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. உள்ளே அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து இலை போட்டுச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"சாப்புடு. சாப்பாட்டுக்கு அப்புறம்தானே மாத்திரை போடணும்?"

மாமா சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு வாய் விழுங்குவதையும் பார்த்தாள். அவர் கை கழுவிவிட்டு மாத்திரையை எடுத்ததும் சொம்பில் தண்ணீர் நீட்டினாள்.

"தவறாம போடு தம்பி. நீ ரொம்ப நாள் இருக்கணும்," என்றாள். "சீக்கிரமா போய் அவரைப் பாத்துடாத."

மாமா சொம்பை வாங்கினார். தண்ணீர் மார்பில் சிந்த, மாத்திரையை விழுங்கினார்.